பட்டியலில் இருந்த வசந்தி

போன மாதம் ஒரு கையெழுத்துக்காக நம் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, நான் யாரென்று தெரியாமல், என் எதிரிலேயே பக்கத்து நாற்காலிப் பையனிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். "விசாரணை ஸ்கிரீன்ல ஒவ்வொரு தடவையும் புதுசா கனெக்ட் பண்ணித்தான் படிக்கணுமாம். எத்தனை மணி நிலவரம்னு மேல கொட்டை எழுத்துல வேற காட்டணுமாம். எவ்ளோ ஸ்லோ ஆவுது! எந்தக் கெழவி போட்ட ரூலோ தெரியல."

அந்தக் கிழவி நான்தான். பெயர் செலின். முப்பது வருடம் இந்த டேட்டாபேஸ் வேலையில் குப்பை கொட்டியவள். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்திருந்தால் திட்டித்தான் ஆரம்பித்திருப்பேன், என் வாய் அப்படி. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவள் கேட்டதில் தப்பே இல்லை என்று பட்டது. காரணம் சொல்லாமல் விதியை மட்டும் வைத்துவிட்டுப் போனது என் குற்றம். அதனால் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் வயல் எது, ஏரி எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி தண்ணீர். ஒரு தன்னார்வ அமைப்பு முகாம்கள் நடத்தியது. பெயர் வேண்டாம். முகாம்களில் யார் இருக்கிறார்கள், எந்த ஊரில் யார் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற பட்டியலை நாங்கள் செய்துகொடுத்தோம். முகாம் வாசலில் ஆளை ஒரு போட்டோ எடுத்து, பெயர், ஊர் போட்டு, "உள்ளே" என்று பதிவார்கள். வெளியே போனால் "வெளியே". இரண்டே வார்த்தை. படகை எங்கே அனுப்புவது என்பதை அந்த இரண்டு வார்த்தைதான் முடிவு செய்தது.

கட்டுப்பாட்டு அறை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி. அங்கே தினமும் காலையில் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். அறிக்கை எடுத்துக்கொண்டிருக்கும்போதே முகாம்களில் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். அதனால் முதல் பக்கத்தில் ஓர் எண்ணிக்கை, கடைசிப் பக்கத்தில் வேறோர் எண்ணிக்கை. "என்னம்மா, ஒரே ரிப்போர்ட்ல ரெண்டு கணக்கு?" என்று மேலிடத்தில் என்னைக் கிழித்துவிட்டார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தத் திரையைத் திறந்த கணத்தில் பட்டியல் எப்படி இருந்ததோ, அதை மூடும்வரைக்கும் அப்படியே படிக்கும்படி மாற்றி வைத்தேன். நடுவில் யார் எதை மாற்றினாலும், திறந்ததிலிருந்து மூடும்வரைக்குமான அந்த ஒரு செஷனுக்குத் தெரியாது. எண்ணிக்கை டாண் என்று ஒத்துப்போனது. பத்து நிமிடத்தில் அறிக்கை எடுத்து மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன், கேட்கவில்லை.

திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர் தண்டபாணி. திட்டக்குடிக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், தங்கமான மனிதர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்ல நேரம் பார்த்துத்தான் திரையைத் திறப்பார். மானிட்டர் ஓரத்தில் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு இருக்கும். திறந்த திரையை, ராகுகாலம் தாண்டும்வரை மூடமாட்டார். மூடினால் ராகுகாலத்தில் மறுபடி திறக்க வேண்டிவருமே! அறிக்கை எடுத்த அதே திரையில்தான் நாள் முழுக்கப் போனில் வரும் விசாரணைக்கும் பதில் சொன்னார். எனக்கு அது தெரியும். கண்ணால் பார்த்தேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள் நான், எனக்கு ராகுகாலமும் கிடையாது, எமகண்டமும் கிடையாது. ஆனால் புது சர்வரை இயக்குமுன் சிலுவை போட்டுக்கொள்கிறவளும் நான்தான். அடுத்தவர் நம்பிக்கையில் நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

மற்ற நாட்களில் மின்சாரம் போகும், லைன் அறுந்துபோகும், செஷன் தானாகச் சாகும், மறுபடி திறப்பார்கள். அதனால் பட்டியல் ஓரளவு புதிதாகவே இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை புது யு.பி.எஸ். வந்திருந்தது. லைன் ஒரு நொடிகூட அறுபடவில்லை. தண்டபாணி காலை ஒன்பது மணிக்குத் திறந்த திரை அசையாமல் நின்றது. எல்லாம் ஒழுங்காக இருந்ததுதான் அன்றைக்கு வினை.

பதினொரு மணி இருக்கும். பகல் பதினொன்றுக்கு அறையில் எல்லா விளக்கும் எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரு தெரியவில்லை. மழைச் சத்தம் கேட்டுக் கேட்டு, சத்தமே இல்லாததுபோல் ஆகிவிட்டிருந்தது. மேசைப் போன் அடித்தது. பழைய போன், அழைப்பது எந்த நம்பர் என்று காட்டாது. தண்டபாணி எடுத்தார், கேட்டார், பட்டியலில் தேடினார், பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், மேலத்திட்டுலேந்து ஒரு பொம்பள. பேரு வசந்தின்றாங்க. வூட்டுக்குள்ள மாட்டிக்கினு இருக்காங்களாம், தண்ணி ஜன்னலுக்கு வந்துடுச்சாம். ஆனா நம்ம லிஸ்ட்ல அவுங்க கீரப்பாளையம் பக்கத்து முகாம்ல இருக்காங்க."

மேலத்திட்டு என்பது நான் வைத்த பெயர். ஐம்பது வீடு இருக்கும் சின்ன ஊர். முந்தின நாளே எல்லோரையும் முகாமுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று பட்டியல் சொன்னது.

நான் எழுந்துபோய்த் திரையைப் பார்த்தேன். வசந்தி, மேலத்திட்டு, உள்ளே. பக்கத்தில் அவள் போட்டோ. நனைந்த தலைமுடி நெற்றியில் ஒட்டியிருக்க, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஃப்ரெஷ் அழுத்தினேன். திரை ஒரு முறை வெளுத்து மறுபடி வந்தது. உள்ளே. இன்னொரு முறை அழுத்தினேன். உள்ளே.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வாரத்தில் அடுத்தவர் பெயரைச் சொல்லிப் படகு கேட்டவர்கள் இருந்தார்கள். பயத்தில் மனிதர் எதையும் சொல்வார்கள். இரண்டு முறை படகு போய் வெறும் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. அதனால் நான் போனை வாங்கி, அமைதியாகத்தான் பேசினேன்.

"அம்மா, வசந்திங்கறவங்க முகாம்ல பத்திரமா இருக்கறதா எங்ககிட்ட பதிவு இருக்கு. போட்டோவோட இருக்கு. நீங்க யாரு பேசறீங்க?"

 அந்தப் பக்கம் தண்ணீர் எதிலோ மோதும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல், கோபமில்லாமல், அழாமல், ஏதோ புதுச் செய்தி கேட்டதுபோல் கேட்டது.

"அப்படியா மேடம்?"

அவ்வளவுதான். லைன் போய்விட்டது. டவர் போயிருக்கும் என்றார் தண்டபாணி. பட்டியலில் அவள் குடும்பத்துக்கு இருந்த ஒரே நம்பர் அவள் கணவனுடையது. அவன் வெளிநாட்டில். அடித்தோம், மணி போகவில்லை.

இரண்டு நிமிடம் கழித்துப் படகுக்காரர் செல்வம் கூப்பிட்டார். கடலோரத்திலிருந்து தன் படகை லாரியில் ஏற்றி வந்து, சம்பளம் வாங்காமல் உழைத்த மீனவர். அவர் அப்போது மேலத்திட்டின் ஓரத்தில்தான் இருந்தார்.

"அக்கா, மேலத்திட்டுல யாராச்சும் பாக்கி இருக்காங்களா? இல்லன்னா நான் அடுத்த ஊருக்குப் போறேன். அங்க பள்ளிக்கூட மாடில ஏழு பேரு நிக்கறாங்களாம்."

நான் திரையைப் பார்த்தேன். மேலத்திட்டுக்காரர்கள் எல்லோரும் வரிசையாக, உள்ளே, உள்ளே, உள்ளே.

"யாரும் இல்ல செல்வம். நீ போ."

அந்த வாக்கியத்தைச் சொன்ன வாய் இதுதான். எத்தனை வருடமானாலும் அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த "அப்படியா" என்னை விடவில்லை. பொய் சொல்லிப் படகு கேட்கிறவள் சண்டை போட்டிருப்பாள், கெஞ்சியிருப்பாள், சாபம் விட்டிருப்பாள். "அப்படியா" என்று கேட்டிருக்க மாட்டாள். 

அப்போது சிதம்பரத்திலிருந்து பால்பவுடர் அனுப்புகிறவர்கள் கூப்பிட்டு, கீரப்பாளையம் பக்கத்து முகாமில் கைக்குழந்தைகள் எத்தனை என்று கேட்டார்கள். தண்டபாணி எண்ணிச் சொன்னார்.

"காலைல பொறந்துச்சே, அந்தப் புள்ளையைச் சேத்துட்டீங்களா?" என்று கேட்டேன். அந்த முகாமைப் பார்த்துக்கொண்ட கலையரசி பத்தேகாலுக்குப் போன் செய்து, வகுப்பறையிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்ததை எங்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். நாங்கள் கைதட்டினோம்.

தண்டபாணி தேடினார். "லிஸ்ட்ல இல்லியே மேடம். கலையரசி போட மறந்திருக்கும்."

ஆனால் கலையரசி என்னிடம் சொன்னது நினைவிருந்தது. "பேரு வைக்கலியே, பெண் குழந்தைன்னே போட்டுட்டேன் மேடம்" என்றாள். அவள் போட்டதாகச் சொன்னால் போட்டிருப்பாள். அப்படிப்பட்ட ஆள்.

ரெஃப்ரெஷ் அழுத்தச் சொன்னேன். திரை வெளுத்து வந்தது. குழந்தை இல்லை. மூலையில் கடிகாரம் 11.24, 11.25 என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அது அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரம். அதற்குக் கீழே இருந்த அத்தனை மனிதர்களும் காலை ஒன்பது மணியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் வரவில்லை, ஒருவரும் போகவில்லை, எவரும் பிறக்கவில்லை.

மாதாவே! எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் திரை செத்துப்போகவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. தேடினால் தேடிக் கொடுத்தது. போன காலத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அப்படிப் பேச வைத்தது நான்.

"தண்டபாணி, இதை மூடித் தெறங்க. உடனே."

அவர் கை மவுஸ் மேல் நின்றுவிட்டது. "மேடம், ராவுகாலம். பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிடும். அது வரைக்கும்..."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவருடைய பெரியவர்கள்வரை போய்விட்டேன். பிறகு, அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்று, என் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, புதிதாக நேராகப் பட்டியலுக்குள் போனேன். அவசரத்தில் பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

திறந்ததும் அவர் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் அதே பெயர், அதே ஊர், அதே நனைந்த முடி, எங்களையே பார்க்கும் அதே கண்கள். அவர் திரையில் உள்ளே. என் திரையில் வெளியே, காலை 9.50. இரண்டு வசந்திகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

தண்டபாணி இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "எது மேடம் நெசம்?" என்று கிசுகிசுத்தார். அவள் காதில் விழுந்துவிடும் என்பதுபோல்.

கலையரசிக்கு அடித்தேன்.

"அவுங்க போயி ஒன்ற மணி நேரத்துக்கு மேல ஆச்சே மேடம்! கல்யாண ஜாக்கெட்டுங்க தைக்க வாங்கி வச்சிருக்காங்களாம், ஊர் சொத்து நனையுதுன்னு ஒரே பிடிவாதம். இடுப்பளவு தண்ணிதான், ஓடிப்போயி எடுத்துக்கினு வந்துடறேன்னாங்க. நான் அப்பவே வெளியன்னு போட்டுட்டேனே! இன்னுமா வரல?"

"அவுங்க நம்பர் இருக்கா?"

அவள் முகாம் முழுக்க ஓடிக் கேட்டாள். புது நம்பராம், யாரிடமும் இல்லை.

செல்வத்துக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தேன். மறுபடி. தண்டபாணி மேசைப் போனிலிருந்து அடித்தார். எத்தனை முறை என்று தெரியாது. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் செல்வம் எடுத்தார். காற்றுச் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது.

"செல்வம், திரும்பு. மேலத்திட்டுல ஒரு பொம்பள இருக்கு."

"நீதானக்கா யாரும் இல்லன்ன?"

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். திரும்பு."

"இங்க ஏழு பேரு கையக் காட்டிக்கினு இருக்காங்கக்கா. கண்ணு முன்னால தெரியறாங்க. வுட்டுட்டு வரச் சொல்றியா?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பட்டியலும் பதில் சொல்லாது, பிள்ளைகளே. நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் அந்த மூச்சிலேயே. அவர்கள் மாடியில் நிற்கிறார்களா, தண்ணீரிலா என்று கேட்டேன். மாடியில், கால் நனையவில்லை என்றார். "அப்ப அவுங்க நிப்பாங்க. இவ நிக்க மாட்டா. திரும்பு செல்வம்" என்றேன். அந்த ஏழு பேருக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவர்கள் ஒரு மணி நேரம் படகைத் திட்டிக்கொண்டு மாடியிலேயே நின்றார்கள். அந்த ஒரு நல்லது நடந்தது.

செல்வம் மேலத்திட்டுக்குப் போய்க் கூரை ஓடுகளைத் தட்டித் தட்டிக் குரல் கொடுத்திருக்கிறார். எந்த வீட்டிலிருந்தும் பதில் இல்லை. மூன்றாவது தெருவில் ஒரு வீட்டின் ஓட்டைப் பிரித்துப் பார்த்தபோது, பரணில் ஒரு துணி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். தண்ணீர் பரணுக்கு ஒரு முழம் கீழே. கூப்பிட்டும் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அவரையே வெறித்துப் பார்த்தாளாம். உயிரோடுதான் இருந்தாள். கலையரசி அவளை மறுபடி வாசலில் நிறுத்தி "உள்ளே" என்று பதிந்தபோது, நான் என் லேப்டாப்பில் அதைப் பார்த்துவிட்டு, வாய்விட்டு அழுதேன். தண்டபாணி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, யாரும் சொல்லாமலே தன் திரையை மூடினார்.

அவர் ராகுகாலத்தைக் கேலி செய்து யாராவது இந்தக் கதையைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் திரையைத் திறந்தே வைத்திருந்தார், நான் அந்தத் திரையைப் பொய் சொல்லப் பழக்கியிருந்தேன். எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டிய வேலை ஒன்று, இந்த நிமிடம் என்ன என்று தெரிய வேண்டிய வேலை இன்னொன்று. இரண்டையும் ஒரே செஷனில் போட்டுவிட்டு, உட்காருகிறவர் எப்படி உட்காருவார் என்று கேட்காமல் விட்டேன். அன்று மாலையே விசாரணைக்குத் தனித் திரை வைத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாகப் படிக்கும், எத்தனை மணி நிலவரம் என்று மேலே காட்டும். மெதுவாகத்தான் இருக்கும். இருக்கட்டும். எந்தத் திரையிலாவது சந்தேகம் வந்தால், இப்போதுதான் நடந்தது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை அதில் தேடிப் பாருங்கள். அது அங்கே இல்லையென்றால், அந்தத் திரை சொல்லும் வேறு எதையும் நம்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த முகாமுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமே. வசந்தி பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து, காய்ந்த ஜாக்கெட்டுகளுக்கு ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். போட்டோவில் பார்த்த முகம்தான். நான் யாரென்று சொன்னேன். குரலிலேயே தெரிந்துவிட்டது என்றாள். எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டாள். அந்த மரியாதை அடியைவிட அதிகமாக வலித்தது.

"எங்க தப்புதாம்மா. எந்திரத்தோட தப்பு இல்ல, என் தப்பு" என்றேன்.

"பரவாயில்ல மேடம். நானும்தானே சொல்பேச்சு கேக்காம போனேன்." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "ஆனா நீங்க அப்படிச் சொன்னீங்க பாருங்க, வசந்தி முகாம்ல பத்திரமா இருக்குன்னு. போட்டோவோட இருக்குன்னு. அப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு மேடம். அப்ப இங்க தண்ணில நிக்கறது யாருன்னு இருந்துச்சு. கையக் கிள்ளிப் பாத்தேன். படகுக்காரரு கூப்புட்டப்பகூட, நம்மளைத்தான் கூப்புடறாரான்னு தெரியல."

 ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "டவர் போனதுக்கு அப்பறம் ரொம்ப பயந்துட்டீங்களா?"

அவள் தையலை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"டவர் போவல மேடம். நான்தான் கட் பண்ணேன். சார்ஜும் இருந்துச்சு போன்ல, பாதிக்கு மேல. மறுபடி உங்களுக்கு அடிக்கலாம்னு நம்பரைக்கூட எடுத்தேன்." ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அதான் நான் பத்திரமா இருக்கேன்னு சொல்லிட்டீங்களே, இன்னும் என்னன்னு சொல்லி அடிக்கறதுன்னு வச்சுட்டேன்."

ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்தப் போன் அவள் கையில் இருந்திருக்கிறது.